மூன்றாவது குப்பி

அத்தியாயம் ஆறு

பரிசோதனைக்கூடத்தின் வரவேற்பறையில் மூன்று நாற்காலிகள் கிடந்தன. அவற்றில் ஒன்று, உட்கார்ந்தவரை மெதுவாக முன்னால் சரித்துத் தரையில் இறக்கிவிடும் வகை. விசில் சரியாக அதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தான்.

"இறங்குற இடம் வந்துருச்சுன்னு நாற்காலியே சொல்லுது மேடம்" என்றபடி எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டான்.

நிதானம் சிரிக்கவில்லை. அவள் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. மணி பத்தேகால். மாலை ஐந்து மணிக்கு ஒரு பெண்ணை நீதிபதி முன் நிறுத்தப் போகிறார்கள். கட்டிய கணவருக்குச் சாப்பாட்டில் விஷம் வைத்துக் கொன்றாள் என்பது புகார். புகார் கொடுத்தவள் இறந்தவரின் கூடப்பிறந்த அக்கா. ஏழு வயது மகள் இப்போது அந்த அத்தை வீட்டில் இருக்கிறாள். நேற்று ஸ்டேஷனில் பார்த்தபோது அந்தப் பெண் தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. குழந்தை ராத்திரியில் அழுகிறாளா என்று மட்டும் கேட்டாள்.

சுகாதாரத் துறையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தபோது கிடைத்த பட்டப்பெயர்தான் நிதானம். வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது. விசில் இருபது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன். வாய் மட்டும் இன்னும் ஓடும் பஸ்ஸில்தான் இருக்கிறது.

இறந்தவர் ஒரு கோப்பு மீட்பு நிலையத்தில் வேலை செய்தவர். வெள்ளத்திலும் கூரை ஒழுகியும் நனைந்துபோன அலுவலகக் கோப்புகளை லாரி லாரியாக அங்கே கொண்டு வருவார்கள். உலர்த்தி, பூஞ்சையைத் தூரிகையால் துடைத்து, தாள் தாளாகப் பிரித்துத் திருப்பி அனுப்புவார்கள். ஐந்து பேர் அந்த வேலையைச் செய்தார்கள். எட்டு மாதத்தில் ஒருவருக்கு மட்டும் நுரையீரல் போயிற்று. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் மூச்சுக்குப் போராடிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவர் ரத்தத்தில் ஏதோ ஒரு பூஞ்சை நச்சு இருந்தது. அதே நச்சு, அவர் மனைவி தினமும் கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பாவிலும் இருந்தது.

வேலை செய்த இடத்தையும் சோதித்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தது. மற்ற நால்வரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

பரிசோதகர் அறிக்கையின் நகலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடி மார்பில் தொங்கியது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்துப் பேசுபவர்.

நிதானம் உடனே தாளைத் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். என் கண் தப்பிப்போய் யாருக்கும் அநியாயம் நடந்துவிடக் கூடாது கடவுளே என்று வேண்டிக்கொள்ளாமல் அவள் எந்த அறிக்கையையும் திறந்ததில்லை. அந்த ஒரு நிமிஷம் விசிலும் வாயை மூடிக்கொள்வான். அவன் செய்யும் பக்தி அதுதான்.

அறிக்கை ஒரே பக்கம். கடைசி வரியை அவள் நான்கு முறை படித்தாள். பிறகு விசிலிடம் நீட்டினாள்.

"என்ன சொல்லுது?"

"சுத்தம்னு சொல்லுது மேடம்."

"சுத்தங்கற வார்த்தை எங்கே இருக்கு?"

விசில் விரலால் வரியைத் தடவிப் படித்தான். 'பணியிடத்தில் பூஞ்சை நச்சு, ஒப்பீட்டு இடத்தைவிட அதிகமாக இல்லை.'

"அதிகமா இல்லைன்னா சுத்தம்தானே?"

"எதைவிட அதிகமா இல்லை?"

விசில் பரிசோதகரைப் பார்த்தான். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு விளக்கினார். ஓர் அறையைச் சோதிக்கும்போது அங்கிருந்து மட்டும் தூசி எடுத்தால் போதாது. எங்கேயும் கொஞ்சம் பூஞ்சை இருக்கத்தான் செய்யும். அதனால் பக்கத்திலேயே வேலை நடக்காத ஓர் இடத்திலிருந்தும் தூசி எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இங்கே மூன்று குப்பிகள் வந்தன. முதலாவது வேலை மேஜைத் தூசி. இரண்டாவது அலமாரித் தூசி. மூன்றாவது ஒப்பீட்டுக்கு எடுத்தது. அறிக்கைப் படிவத்தில் வித்தியாசத்தை எழுதத்தான் கட்டம் இருக்கிறது. மூன்றாவது குப்பியின் அளவை எழுத இடமில்லை.

நிதானம் அவருடைய கைக்குறிப்பேட்டைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். சட்டப்படி காட்ட வேண்டியதில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. உள்ளே போய் எடுத்து வந்தார்.

முதல் குப்பி நான்கு. இரண்டாவது ஆறு. மூன்றாவது நூற்றுத் தொண்ணூறு. அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம்.

"தராசுல எடைக்கல்லே பொருளைவிட அழுக்கா இருந்திருக்கு" என்றான் விசில்.

பரிசோதகரின் முகம் கறுத்தது. வட்டம் போட்டது தான்தான் என்றார். மேலதிகாரியிடம் கொண்டுபோனதாகவும், போலீஸ் கேட்டது வேலை இடத்தைப் பற்றி மட்டும், கேட்டதற்குப் பதில் எழுதினால் போதும் என்று அவர் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். சாப்பாட்டு டப்பாவும் அப்படித்தான். உள்ளும் புறமும் ஒரே திரவத்தில் அலசி ஒரே குப்பியில் பிடித்தார்கள். நச்சு உள்ளே இருந்ததா, மூடியின் வெளி விளிம்பில் இருந்ததா என்று யாரும் தனியாகக் கேட்கவில்லை.

"நான் கேட்டிருக்கணும்" என்றார். "எங்கே அதிகம், எங்கே குறைவுன்னு என்னால சொல்ல முடியும். யாரைக் கொன்னதுன்னு குப்பி சொல்லாதும்மா. ஆனா இந்த எண் என்னைத் தூங்க விடலை."

தூசியின் மிச்சத்தை இரண்டு வாரத்தில் அழித்துவிடுவது அங்கே வழக்கம். கெடு போன வாரமே முடிந்துவிட்டது. அவர் மூன்றாவது குப்பியை மட்டும் குளிர்பெட்டியின் பின் வரிசையில் எடுத்து வைத்திருந்தார். யாராவது வந்து கேட்பார்கள் என்று தோன்றியதாம். மத்தியானத்துக்குள் மூன்று எண்ணையும் எழுதி, தன் கையெழுத்தோடு இன்ஸ்பெக்டருக்கு நேராக அனுப்புவதாகச் சொன்னார். மேலதிகாரி என்ன சொல்வார் என்று விசில் கேட்டான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது. இந்த உலகம் நிற்பது இந்த மாதிரி நடுங்குகிற குரல்களின் மேல்தான்.

வாசலுக்கு வந்ததும் விசில் வழக்கை முடித்துவிட்டான். கோப்பு மீட்பு நிலையத்து மேனேஜர் குப்பிகளை மாற்றிவிட்டார், அவ்வளவுதான். அந்த ஆள் முகத்தைப் பார்த்ததுமே தெரியும் என்றான். அந்த முகத்தை நீ இன்னும் பார்க்கவே இல்லையே என்று நிதானம் நினைவுபடுத்தினாள்.

"அதனாலதான் மேடம் சந்தேகம் அதிகமா இருக்கு."

*

பார்த்தபோது அது சந்தேகப்படும்படியான முகமாக இல்லை. மெலிந்து, சவரம் செய்யாமல், மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடாத முகம். மேனேஜர் அவர்களைத் தானே அழைத்துப்போய்க் கூடத்தைச் சுற்றிக் காட்டினார்.

நீளமான கூடம். ஐந்து மேஜைகள். ஒவ்வொரு மேஜைக்கும் மேலே புனல் மாதிரி ஒரு தகரக் கூடு தொங்கியது. அதிலிருந்து குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிற்று. தூரிகை பட்டுக் கிளம்பும் தூசியை அந்தப் புனல் அப்படியே இழுத்துக்கொள்ளும். மேனேஜர் ஒரு தாள் துண்டைப் பிடித்துக் காட்டினார். அது அவர் விரலிலிருந்து பறித்துக்கொண்டு மேலே போயிற்று. முகமூடி இல்லாமல் யாரையும் கூடத்துக்குள் விட மாட்டேன் என்றார். வெளியே போகும்போது கதவருகே இருக்கும் தொட்டியில் முகமூடியைக் கழற்றிப் போட்டுவிட வேண்டும், மறுநாள் புதுசு. இதையெல்லாம் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. நான் எல்லாம் சரியாகத்தானே செய்தேன் என்று யாரையோ கேட்பதுபோல.

நான்கு மேஜைகளில் வேலை நடந்தது. ஐந்தாவது காலியாக இருந்தது. அதில் தூரிகையும் தாள் பிரிக்கும் எலும்புக் கத்தியும் இடதுபக்கம் வைத்திருந்தபடியே இருந்தன. புனலும் இடதுபக்கமாகத் திருப்பியிருந்தது. இறந்தவர் இடதுகைக்காரர், கூட வேலை செய்பவர்கள் அவரை இடதுகையார் என்றுதான் கூப்பிடுவார்கள் என்றார் மேனேஜர்.

ஒப்பீட்டுக்கு மூன்றாவது தூசி எங்கே எடுத்தார்கள் என்று நிதானம் கேட்டாள். மேனேஜர் தயங்காமல் பதில் சொன்னார். கோப்பே போகாத ஓர் இடம் காட்டச் சொன்னார்கள், காட்டினேன், ஒரு துண்டுத்தாள்கூட அங்கே போனதில்லை என்றார். கூடத்துக் கதவைத் தாண்டி நான்கு எட்டு நடந்து ஒரு சின்னக் கதவைத் திறந்தார்.

ஆறடிக்கு ஐந்தடி. ஜன்னல் கிடையாது. சுவரில் ஐந்து ஆணிகள். நான்கில் புது நீல மேலங்கிகள் தொங்கின. பழைய அங்கிகளைச் சாவுக்குப் பிறகு சலவைக்குப் போட்டு மாற்றிவிட்டார்களாம். ஆணிகளுக்குக் கீழே ஒரு பலகை. பையும் சாப்பாட்டு டப்பாவும் வைக்க.

விசில் கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பில் விரலை வைத்து இழுத்தான். விரல் சாம்பல் நிறத்தில் திரும்பி வந்தது.

"விசில், வெளியே வா. கையைக் கழுவு. சோப்பு போட்டு."

அவள் சத்தம் போட்டு அவன் கேட்டதே இல்லை. உடனே ஓடிப்போய்க் கழுவிக்கொண்டு வந்தான்.

அங்கியில் ஒட்டிய தூசியை என்ன செய்வீர்கள் என்று அவள் மேனேஜரைக் கேட்டாள். உதறுவோம் என்றார் அவர். முன்பெல்லாம் முற்றத்தில் உதறினார்கள். பக்கத்து மாடியில் காயும் துணியில் கறை படிகிறது என்று சண்டைக்கு வந்தார்கள். அதனால் இந்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உதறும்படி மாற்றினார். எல்லோரும் காத்திருக்க வேண்டாம் என்று ஒரு முறையும் வைத்தார். வாரத்துக்கு ஒருவர். வேலை முடிந்ததும் மற்ற நால்வரும் அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகலாம். முறைக்காரர் ஐந்து அங்கியையும் உதறி மாட்டிவிட்டுப் போவார்.

"அப்போ முகமூடி?" என்றாள் நிதானம்.

மேனேஜர் கூடத்துக் கதவைப் பார்த்தார். அதன் பக்கத்திலிருந்த தொட்டியைப் பார்த்தார். அதில் பாதிவரை கழற்றிப் போட்ட முகமூடிகள் கிடந்தன. பிறகு இந்தச் சின்ன அறையைப் பார்த்தார். நான்கு எட்டு தூரம். எட்டு மாதமாக அவர் தினமும் நடக்கும் தூரம்.

"அங்கேயே கழட்டிருவாங்க" என்றார். சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

*

முடிந்தது என்று நினைத்த இடத்தில்தான் கயிறு அறுந்தது. அறுத்தவன் விசில்.

மேனேஜர் கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே அவன் கேட்டான். வாரத்துக்கு ஒருவர் என்றால், எட்டு மாதத்தில் ஐந்து பேருக்கும் சமமாகத்தானே தூசி போயிருக்கும்? நான்கு பேர் கல்லுக்குண்டாக இருக்கிறார்களே. இன்ஸ்பெக்டர் முதல் கேள்வியே இதைத்தான் கேட்பார். அறை கொன்றது என்றால் ஏன் ஒருத்தரை மட்டும் கொன்றது?

மேனேஜர் முறைத்தாள்களைக் கொண்டுவந்தார். மாதத்துக்கு ஒரு தாள், மொத்தம் எட்டு. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். எந்த வாரம் யார் என்று மேலே எழுதியிருந்தது. உதறி முடித்தவர் கட்டத்தில் ஒரு 'சரி' குறி போட வேண்டும். எட்டு மாதத்தில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. ஐவரும் தவறாமல் செய்திருந்தார்கள். அவ்வளவு ஒழுங்கு.

நிதானம் நாற்காலியில் சாய்ந்தாள். மணி பன்னிரண்டரை. ஸ்டேஷனில் இருக்கும் பெண்ணின் முகம் மனதில் வந்தது. ஒழுங்காக நிரப்பிய எட்டுத் தாள்கள் அவளை உள்ளேயே வைத்துப் பூட்டப் போகின்றன.

விசில் தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி, குந்தி உட்கார்ந்துகொண்டான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அவன் அப்படி இருந்தால் ஒன்று பசி, இல்லையென்றால் யோசனை.

"மேடம், இங்கே வாங்க. டிப்போவுல எங்க டிரிப் ஷீட்டுல கோடு கிழிப்போம். பேர் பார்க்காமலே எந்தக் கண்டக்டர் கிழிச்சதுன்னு நான் சொல்வேன். பேனா பிடிக்கறது நடை மாதிரி. மாத்த முடியாது."

அவன் விரல் முதல் தாளில் இருந்தது. முதல் வாரத்து 'சரி'கள் கொக்கி மாதிரி வளைந்திருந்தன. இரண்டாவது வாரம் அழுத்தமான குட்டைக் கோடு. மூன்றாவது வாரம் மெலிந்து நீண்டது. நான்காவது வாரம் அவசரத்தில் கிறுக்கியது. ஐந்தாவது வாரம் மட்டும் தலைகீழ். கோட்டின் நீண்ட கை வலதுபக்கம் ஏறாமல் இடதுபக்கம் சாய்ந்து ஏறியது.

அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

மூன்றாவது தாளில் கொக்கி இல்லை. கொக்கிக்காரரின் வாரத்தில் இடதுபக்கம் சாய்ந்த கோடு இருந்தது. நான்காவது தாளில் கிறுக்கலைக் காணோம். ஐந்தாவதில் மெலிந்த கோடும் போயிற்று. ஆறாவதில் குட்டைக் கோடும் போய்விட்டது. கடைசி மூன்று தாள்களில், யார் பெயர் எழுதியிருந்தாலும், எல்லாக் கட்டத்திலும் ஒரே கோடு. இடதுபக்கம் சாய்ந்த கோடு. ஒரு வீட்டில் ஒவ்வோர் அறையாக விளக்கை அணைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு ஜன்னலில் மட்டும் வெளிச்சம் மிஞ்சியதுபோல இருந்தது அது.

"எல்லார் முறையையும் அவரே பார்த்திருக்கார்" என்றாள் நிதானம்.

விசில் தலையாட்டினான். அவனுக்கு அப்போது எந்த ஜோக்கும் வரவில்லை.

*

நால்வரையும் அவள் ஒவ்வொருவராக முற்றத்துக்குக் கூப்பிட்டுப் பேசினாள். மிரட்டவில்லை. மூன்றாவது குப்பியைப் பற்றி முதலில் சொன்னாள். பிறகு அவரவர் பெயர் எழுதியிருந்த வாரத்தைக் காட்டி, இந்தக் கோடு உங்களுடையதா என்று மட்டும் கேட்டாள்.

மூத்தவருக்கு இழுப்பு உண்டு. தூசி ஆகாது. இடதுகையாரிடம் தனியாகக் கேட்டுக்கொண்டார். இரண்டாமவர் முன்பு வண்டி ஓட்டியவர், வண்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு நாலு பத்து பஸ்ஸை விட்டால் படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்க ஆளில்லை. அவரும் தனியாகக் கேட்டுக்கொண்டார். மூன்றாவது, வயிற்றில் பிள்ளையோடு இருந்த இளம்பெண். அவளுக்குத் தூசி வாசனை பட்டாலே குமட்டியது. அவள் கேட்கவில்லை. அவராகவே ஒரு நாள் வந்து, உன் வாரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம்.

நான்காவது ஆள் நீண்ட நேரம் தரையைக் காலால் தேய்த்துக்கொண்டு நின்றார். நாற்பது வயது, நல்ல உடம்பு.

"எனக்கு ஒரு காரணமும் இல்லைங்க. அலுப்பா இருந்துச்சு. ஒரு வாரம் பாருங்கண்ணேன்னேன். சரின்னார். அப்புறம் நான் கேட்கவே இல்லை. அவரும் ஞாபகப்படுத்தலை."

நால்வரும் இன்ஸ்பெக்டரிடம் இதைச் சொல்லவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறதா என்றுதான் அவர் கேட்டிருந்தார். முறையைப் பற்றி அவருக்குத் தெரியவே தெரியாது. அங்கி உதறுவது சாவில் போய் முடியும் என்று இவர்களும் நினைக்கவில்லை. அதைவிட முக்கியமான ஒன்று இருந்தது. தான் ஒருவர்தான் தன் முறையைத் தள்ளிவிட்டோம், மற்ற மூவரும் ஒழுங்காகச் செய்தார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருந்தார். எல்லோரும் நான்கு மணிக்குக் கிளம்புகிறவர்கள். கடைசியில் யார் உதறுகிறார்கள் என்று நின்று பார்த்தவர் யாருமில்லை. ஐந்து வாரத்துக்கு ஒரு வாரம், அதுவும் அவர் ஒருத்தருக்குத்தான் கூடுதல். சொல்லும்படியான உதவியாகக்கூட அது அவர்களுக்குத் தோன்றவில்லை. மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று நால்வருமே கேட்டுக்கொண்டார்கள்.

நான் சொல்ல மாட்டேன், ஆனால் நாலரை மணிக்கு நீங்களே ஸ்டேஷனுக்கு வந்து உங்கள் வாயால் சொல்லுங்கள், ஒரு பெண்ணின் உயிர் அதில் இருக்கிறது என்று நிதானம் ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பஸ்ஸில் விசில் புலம்பிக்கொண்டே வந்தான். நாலு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் சேர்ந்து வருவார்களே, இப்படி விட்டால் ஒருத்தரும் வராவிட்டால் என்ன செய்வது?

"சேர்ந்து உட்கார்ந்தா, யாரோட வாரம் கொன்னதுன்னு சண்டை வரும். தனியா வந்தா அவங்கவங்க தன் வாரத்தை மட்டும் சொல்வாங்க."

"வருவாங்களா மேடம்?"

பைக்குள் இருந்த எட்டுத் தாள்களைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வருவார்களா என்று அவளுக்குத் தெரியாது. மனிதர்களுக்குள் அந்தக் கொஞ்சம் நல்லதை வைத்தவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டாள்.

*

நாலு இருபத்தைந்து. ஸ்டேஷன் வராந்தாவில் ஒரு நீண்ட பெஞ்சு கிடந்தது. காலியாக.

நாலரைக்கு மூத்தவர் வந்தார். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு நிமிஷம் கழித்து வண்டிக்காரர் வந்தார். வாசலில் மூத்தவரைப் பார்த்ததும் அவர் கால் அப்படியே நின்றுவிட்டது. நீ எதுக்கு இங்கே என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அடுத்து வந்தது அலுப்புக்காரர். பெஞ்சில் இருந்த இருவரையும் பார்த்ததும் அவருடைய வாய் ஏதோ கணக்குப் போடுவதுபோல அசைந்தது. அது முடிந்தபோது அவர் தூணில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டார். கடைசியாக அந்த இளம்பெண் ஆட்டோவிலிருந்து இறங்கினாள்.

ஒரு வாரம்தானே என்று நால்வரும் நினைத்தது நான்கு வாரமாகி அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் கனத்த உடம்புக்காரர், களைத்தவர், கெட்டவர் இல்லை. பரிசோதகரின் கடிதம் அவருக்கு முன்பே வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு, விசில் சொன்ன அதே கேள்வியைத்தான் கேட்டார். ஏன் ஒருத்தர் மட்டும்? நிதானம் எட்டுத் தாள்களையும் மேஜைமேல் பரப்பினாள். பிறகு நால்வரும் ஒவ்வொருவராக உள்ளே போய்த் தங்கள் வாரத்தைச் சொன்னார்கள். அலுப்புக்காரர் சொல்லும்போது இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

புகார் கொடுத்த நாத்தனார் அந்த அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தாள். தம்பி மனைவி தண்டனை பெறுவதைப் பார்க்க வந்தவள். நால்வரும் பேசி முடித்தபிறகு அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"சின்ன வயசுலயே அவன் அப்படித்தான். நான் தேய்க்க வேண்டிய பாத்திரத்தையும் அவனே தேய்ச்சு வைப்பான்." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ள எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள்.

அது அவ்வளவு சுலபமில்லை என்றார் இன்ஸ்பெக்டர். எழுத வேண்டியது நிறைய இருக்கிறது, நீதிபதியிடம் தானே நேரில் சொல்ல வேண்டும், அந்த அறைக்குச் சீல் வைத்து மறுபடி சோதிக்க வேண்டும். ஆனால் இந்தப் பெண்ணை இன்றைக்கு ஐந்து மணிக்கு எங்கேயும் நிறுத்தப் போவதில்லை, தன் பொறுப்பில் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

அவள் வராந்தாவுக்கு வந்தாள். மூன்று நாளாக மாற்றாத சேலை. வெளிச்சத்துக்குக் கண் கூசியது. பெஞ்சில் இருந்த நால்வரும் எழுந்து நின்றார்கள். யார் இவர்கள், எதற்காக வந்தார்கள் என்று நிதானம் உள்ளேயே அவளிடம் சொல்லியிருந்தாள். மூன்று ஆண்களும் தலை நிமிரவில்லை. இளம்பெண் மட்டும் ஒரு கையால் தூணையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"அக்கா, என் முறையையும் அவர்தான்..."

"உக்காரும்மா" என்றாள் அவள். "இந்த நிலைமையில நிக்கக் கூடாது."

தோளைத் தொட்டு உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டுக்கிட்டே ஒரு நாள் சொன்னார். கூட வேலை செய்யற பொண்ணு மாசமா இருக்கு, பாவம், அங்கி உதற முடியாம வாயைப் பொத்திக்கிட்டு ஓடுதுன்னு. நான்தான் சொன்னேன், பார்த்துக்கிட்டு சும்மா வர்றீங்களே, அந்தப் பொண்ணோட முறையை நீங்க செஞ்சா என்னன்னு. ஆமால்ல, எனக்குத் தோணவே இல்லைன்னார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்."

உள்ளே இன்ஸ்பெக்டரின் பேனா எழுதும் சத்தம் மட்டும் கேட்டது. நிதானம் ஏதாவது சொல்ல நினைத்தாள். அவள் வாழ்க்கையில் எத்தனையோ அறிக்கை படித்திருக்கிறாள். இதற்குச் சொல்லும்படி ஒரு வரிகூட அவற்றில் இல்லை.

"எத்தனை மாசம்?" என்று கேட்டாள் இறந்தவரின் மனைவி.

"ஏழு."

"இனிமே அந்த வேலைக்குப் போகாதே. நல்லபடியா பெத்துக்கோ."

எழுந்தாள். வாசற்படியில் நாத்தனார், அவளுடைய துணிப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் படி இறங்கத் தடுமாறியபோது நாத்தனார் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினாள். அவள் ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு பிடித்துக்கொண்டு இறங்கினாள்.